மாமா வாங்கிய முட்டை: இணையவழி சுற்றுலா விசாவில் ஒரு நிகழ்வு ஆய்வு

விமானம் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. செக்-இன் கவுன்டரில் இருந்த ஊழியர் அக்காவின் பாஸ்போர்ட்டை வாங்கி இயந்திரத்தில் இழுத்தார். திரையைப் பார்த்தார். போர்டிங் பாஸ் அச்சாகி வந்தது. அடுத்து மாமாவின் பாஸ்போர்ட். இழுத்தார், திரையைப் பார்த்தார், மறுபடி இழுத்தார். சட்டைக் கையில் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் இழுத்தார். அப்புறம், "சார், விசா பிரின்ட் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறையில், மடிப்பு விழாமல். ஊழியர் அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பேனா முனையை எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டு போனார். பெயர் சரி. பிறந்த தேதி சரி. பாஸ்போர்ட் எண்ணில் ஆறாவது இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இது இந்தப் பாஸ்போர்ட்டுக்கு வாங்கின விசா இல்லை சார்."

பாஸ்போர்ட்டில் இருந்தது 0. விசாவில் இருந்தது ஆங்கில எழுத்து ஓ.

"பள்ளிக்கூடத்துலகூட நான் முட்டை வாங்கினதில்லை. இங்க வந்து வாங்கிட்டேன்" என்றாராம் மாமா. அக்கா சிரிக்கவில்லை. பேனா நின்ற இடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படிவத்தை நிரப்பியது அவளுடைய தம்பி, அதாவது நான்.

அன்று இருவருமே போகவில்லை. விமானம் போய்விட்டது. எந்த நாடு, எந்த விமான நிறுவனம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர்கள் செய்த தவறும் இதில் இல்லை. அந்த ஓர் எழுத்து எங்கே நுழைந்தது, நுழைந்த பின் ஐந்து வாரம் ஒருவர் கண்ணிலும் படாமல் எப்படி இருந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். விஷயத்தை ஆற அமர யோசித்துப் பார்த்தபோது, "கவனக்குறைவு" என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாத அளவுக்கு அதில் சமாச்சாரம் இருந்தது. ஏனென்றால் நான் சரிபார்த்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

படிவம் நிரப்பிய நாள்

முதலில் படிவத்தைத் திறந்தது நான் இல்லை, அக்கா. தேடுபொறியில் நாட்டின் பெயரையும் "சுற்றுலா விசா" என்பதையும் அடித்தாள்; மேலே வந்த முதல் முகவரிக்குள் போனாள். கொடி இருந்தது, சின்னம் மாதிரி ஒன்று இருந்தது, "விண்ணப்பிக்க" என்று பச்சை நிறத்தில் பெரிய பொத்தான் இருந்தது. மூன்று பக்கம் நிரப்பி, தன் பாஸ்போர்ட் படத்தையும் ஏற்றி, பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தபோதுதான் கட்டணம் எங்கேயோ படித்ததைவிட மூன்று மடங்கு இருப்பதைப் பார்த்து எனக்குப் போன் செய்தாள்.

அது அரசின் தளம் இல்லை, இடைத்தரகர் தளம். முதலில் வந்ததற்குக் காரணம், அது விளம்பரம். அந்தச் சொல் பொடி எழுத்தில் ஓரமாக இருந்தது. இப்படிப்பட்ட தளங்கள் எல்லாமே மோசடி என்று சொல்ல முடியாது. சில, நாம் கொடுப்பதை அப்படியே வாங்கி அரசுத் தளத்தில் ஏற்றிவிட்டு, அந்தத் தட்டச்சு வேலைக்குக் கூலி வாங்கிக்கொள்கின்றன. ஆனால் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் யாரென்றே தெரியாத ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்ப்பதுதான் எளிய வழி. விசா தேவைப்படாத நாட்டவர்கள் அமெரிக்கா போக முன் அனுமதி வாங்கும் எஸ்டா தளம் "டாட் கவ்" என்று முடியும். பெரும்பாலான நாடுகளில் இதுபோல அரசுக்கென்று ஒதுக்கிய முடிவு உண்டு. தேடுபொறியை நம்பாமல், அந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து சொடுக்கினால் இந்தச் சிக்கலே வராது.

சரி, அக்கா பணம் கட்டுவதற்கு முன் தப்பித்தாள். "இனிமே நீயே பாத்துக்கோடா" என்று என்னிடம் விட்டுவிட்டாள். நான் வேறு ஊரில் இருக்கிறேன். இருவரின் பாஸ்போர்ட் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்தன. மாமாவின் பக்கத்தில் மேல்விளக்கு பட்டு, எண் இருந்த மூலையில் வெள்ளையாக ஒரு பளிச்சம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் எனக்கு அதிக நேரம் பிடித்தது எண் அல்ல, பெயர். மாமாவுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. ஒற்றைப் பெயர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி இது: படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. இதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யு" என்ற மூன்று எழுத்தைப் போடச் சொல்வார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று சொல்ல, விமான நிறுவனங்கள் பயணிகளுக்கு அவசரச் சுற்றறிக்கை விட்டன. ஆக, ஒரு நாட்டுப் படிவத்தில் பழகியதை இன்னொரு நாட்டுப் படிவத்தில் செய்வது ஆபத்து. அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும். நான் படித்தேன். முக்கால் மணி நேரம் படித்து, டிக்கெட்டில் உள்ள பெயரோடும் ஒப்பிட்டு, சரியாகவே போட்டேன்.

எண்ணுக்கு எடுத்துக்கொண்ட நேரம் பத்து வினாடி.

ஒளிப்படம் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டது: முதலில் சுவரில் நிழல், அப்புறம் கண்ணாடி, அப்புறம் கோப்பின் அளவு. கண்ணாடியைக் கழற்றிவிடுவதே நல்லது. அமெரிக்க விசாப் படங்களில் 2016 நவம்பரிலிருந்தே கண்ணாடிக்கு இடமில்லை. இதில் எரிச்சலைத் தவிர வேறு சேதம் இல்லை. தப்பான படத்தைத் தளமே உடனே துப்பிவிடுகிறது. எண்ணையும் அப்படித் துப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

காதில் விழுந்த ஓ

மாமாவின் எண்ணில் அந்தப் பளிச்சத்துக்குப் பின்னால் இருந்த இலக்கங்கள் தெரியவில்லை. இன்னொரு படம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போன் செய்து, "மாமா பாஸ்போர்ட் நம்பரை வாசிக்கா" என்றேன். அக்கா வாசித்தாள். நாம் எல்லோரும் எண்களை எப்படி வாசிப்போமோ அப்படித்தான் வாசித்தாள். போன் நம்பர் சொல்லும்போது "நைன் எய்ட் ஓ ஃபோர்" என்றுதான் சொல்கிறோம். ஜீரோ என்று எத்தனை பேர் சொல்கிறோம்? இரண்டு வந்தால் "டபுள் ஓ". அக்கா வாயில் அது ஓ. என் காதிலும் ஓ. என் விரல் போய் விழுந்ததும் ஓ.

போன் எண்ணில் இப்படிச் சொல்வதால் ஒரு கெடுதலும் இல்லை. அங்கே எழுத்தே கிடையாது; ஓ என்றால் சைபர்தான். பாஸ்போர்ட் எண்ணில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அங்கே அதே ஒலிக்கு இரண்டு பொருள்.

அப்புறம் சரிபார்த்தேன் என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நிரப்பி முடித்ததும் திரையில் உள்ளதை நான் வாசிக்க, அக்கா பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் "ஓ" என்றேன். அவள் 0-வைப் பார்த்துக்கொண்டு "ஆமா" என்றாள். அனுப்புவதற்கு முன் வரும் மறுபார்வைப் பக்கத்திலும் இதையே இன்னொரு முறை செய்தோம். அதே கேள்வி, அதே "ஆமா". இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் தூங்கவும் இல்லை. தப்பு எந்த வழியாக உள்ளே வந்ததோ அதே வழியாகத்தான் அதைத் தேடிப் போனோம். பத்து முறை வாசித்திருந்தாலும் பத்து முறையும் "ஆமா" என்றுதான் வந்திருக்கும்.

அக்காவின் எண்ணில் சைபரே இல்லை. அவள் தப்பித்ததற்குக் காரணம் அவ்வளவுதான். அதனால் இருவரின் விண்ணப்பமும் ஒரே கையால், ஒரே மாலையில், ஒரே விதமாக நிரப்பப்பட்டும் ஒன்று மட்டும் கெட்டது.

பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி

படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புத்தலை மாதிரிக் குறிகள் நிரம்பிய இரண்டு வரிகள் இருக்கும். இதைப் பலர் ஏதோ ஓர அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். நானும் தாண்டியவன்தான். உண்மையில் பாஸ்போர்ட்டை இழுக்கும்போது இயந்திரம் படிப்பது அதைத்தான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980இல் முதன்முதலாக வெளியிட்ட 9303 என்ற ஆவணம் இதன் இலக்கணத்தைச் சொல்கிறது. வரிக்கு 44 இடம். முதல் வரியில் நாடும் பெயரும். இரண்டாம் வரியில் முதல் ஒன்பது இடம் பாஸ்போர்ட் எண்ணுக்கு. பத்தாவது இடத்தில் ஓர் ஒற்றை இலக்கம் உட்கார்ந்திருக்கும். அதுதான் காவல்காரன்.

மாமாவின் எண்ணை இங்கே போட முடியாது. நல்ல வேளையாக, 9303 ஆவணத்திலேயே உட்டோப்பியா என்ற கற்பனை நாட்டின் மாதிரிப் பாஸ்போர்ட் ஒன்று இருக்கிறது. அதன் எண்: எல், 8, 9, 8, 9, 0, 2, சி, 3. பத்தாவது இடத்தில் 6. அந்த 6 எங்கிருந்து வந்தது?

எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு. ஏ என்றால் 10, பி 11, இப்படியே போய் இசட் 35. எண்கள் அப்படியே. ஒவ்வோர் இடத்தையும் வரிசையாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று பெருக்க வேண்டும். எல் 21, ஏழால் பெருக்க 147. அடுத்த 8-ஐ மூன்றால் பெருக்க 24. அடுத்த 9-ஐ ஒன்றால் பெருக்க 9. இப்படியே 56, 27, 0, 14, 36, 3. எல்லாவற்றையும் கூட்டினால் 316. கடைசி இலக்கம் 6. அதுதான் பத்தாவது இடத்தில் நிற்கிறது.

இந்த மாதிரி எண்ணிலும் ஆறாவது இடத்தில்தான் சைபர். அதை ஓ ஆக்கிப் பார்த்தேன். ஓ என்றால் 24. அந்த இடத்தின் பெருக்கல் 1. கூட்டுத்தொகை 340 ஆகிவிடுகிறது. கடைசி இலக்கம் 0. காவல்காரன் கையில் இருப்பதோ 6. மாட்டிக்கொள்கிறது. எந்த இடத்தில் வந்தாலும் ஓவும் சைபரும் ஒன்றுக்கொன்று மாறினால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஐயும் 1-உம், பியும் 8-உம், எஸ்ஸும் 5-உம் மாறினாலும் அப்படியே. போட்டுப் பார்த்ததில் ஒரே ஒரு இணை ஏமாற்றியது: ஜியும் 6-உம். ஜியின் மதிப்பு 16, ஆறுக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாகப் பத்து. பத்தை எதனால் பெருக்கினாலும் கடைசி இலக்கம் மாறாது. கையெழுத்தில் ஜியும் ஆறும் எவ்வளவு ஒத்திருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரக் காவல்காரன் இருந்தும் ஏன் உதவவில்லை? ஏனென்றால் படிவம் அவனைக் கூப்பிடவே இல்லை. பாஸ்போர்ட் எண்ணை மட்டும் கேட்டது, ஒன்பது இடத்தோடு நிறுத்திக்கொண்டது. பத்தாவது இலக்கத்தையும் அடிக்கச் சொல்லியிருந்தால் அந்த நொடியே சிவப்புக் கோடு விழுந்திருக்கும். 1980இலிருந்து தயாராக இருக்கும் ஒரு பூட்டைப் பல நாட்டு இணையப் படிவங்கள் பூட்டாமலே விட்டிருக்கின்றன. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

வேறு வழிகளைக் கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனி தன் பாஸ்போர்ட் எண்களில் உயிரெழுத்துகளையே விட்டுவிட்டது. பி, எஸ் போன்ற குழப்பக்காரர்களையும் சேர்க்கவில்லை. அங்கே ஓ வர வாய்ப்பே இல்லை. ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகள் தங்கள் மின்னணுப் பயண அனுமதிக்குக் கைப்பேசிச் செயலி வைத்திருக்கின்றன. செயலி பாஸ்போர்ட்டைக் கேமராவால் படித்து, உள்ளே இருக்கும் சில்லையும் தொட்டுப் படிக்கும். அந்தச் சில்லைத் திறக்கும் சாவியே பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றும், அவற்றின் காவல் இலக்கங்களும் சேர்ந்து உருவாவதுதான். எண் தப்பென்றால் சில்லு வாயைத் திறக்காது. நாங்கள் அப்படி ஒரு செயலியில் விண்ணப்பித்திருந்தால், அக்கா வீட்டுச் சோபாவிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

ஐந்து வாரம் உறைக்குள்

விண்ணப்பம் அனுப்பிய நான்காம் நாள் இரண்டு விசாவும் மின்னஞ்சலில் வந்துவிட்டன. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் உறுத்திய இடம் இதுதான். அக்கா "வந்துருச்சு!" என்று குரல் செய்தி அனுப்பினாள். நான் கட்டைவிரல் காட்டினேன். அவள் அச்செடுத்து உறையில் போட்டாள். பயணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஒரு மாதமும் அந்த ஓ உறைக்குள் நிம்மதியாகத் தூங்கியது.

விசா வந்துவிட்டால் அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தையும் ஏற்றியிருந்தோம் என்பது உண்மை. யாராவது ஒருவர் ஒப்பிட்டிருக்கலாம். ஆனால் அதிகாரி பார்ப்பது இந்த ஆளை உள்ளே விடலாமா, திரும்பிப் போவாரா, முன்பு ஏதாவது வில்லங்கம் உண்டா என்பதை. எழுத்துப் பிழை திருத்துவது அவர் வேலை இல்லை. கடைசிப் பக்கத்தில் "மேற்கண்டவை அனைத்தும் சரி" என்ற கட்டத்தில் டிக் போட்டது நாங்கள்தான். படிவத்தின் கண்ணில், ஓ உள்ள எண்ணோடு ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது, அதன் சொந்தக்காரர் மாமாவின் பெயரில் இருக்கிறார், அவருக்கு விசா கொடுத்தாகிவிட்டது. அப்படி ஒரு பாஸ்போர்ட் பூமியில் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

சரி, ஏன் கவுன்டரில் மட்டும் பிடிபட்டது? அங்கேதான் முதன்முதலாக இயந்திரம் பாஸ்போர்ட்டைப் படித்தது. அதுவரை மனிதர்கள்தான் படித்தார்கள். இயந்திரம் படித்த எண்ணைப் போகும் நாட்டின் கணினிக்கு அனுப்பி, இவரை ஏற்றலாமா என்று கேட்கும் முறை பல நாடுகளில் வந்துவிட்டது. அங்கிருந்து "இந்த எண்ணுக்கு ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தால் ஊழியர் என்ன செய்ய முடியும்? கெஞ்சிப் பயனில்லை. சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனத்துக்கு அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறை ஓர் ஆளுக்கு ஆயிரக்கணக்கான யூரோ என்று வைத்திருக்கிறது. அது போக, அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அவர்கள் தலையில். "ஓர் எழுத்துதானே, விடுங்க" என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது.

கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அடியில் உள்ள இரண்டு வரிகளும் ஓசிஆர்-பி என்ற எழுத்துருவில் இருக்கும். அட்ரியன் ஃப்ரூட்டிகர் 1968இல் இயந்திரமும் மனிதனும் படிப்பதற்கென்றே வடிவமைத்தது. அதில் சைபர் கொஞ்சம் ஒல்லி, ஓ கொஞ்சம் குண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். தனித்தனியே பார்த்தால் தெரியாது. விசாத் தாளில் இருந்ததோ வேறு எழுத்துரு. ஊழியர் பேனா முனையை வைத்துத்தான் கண்டுபிடித்தார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். தினமும் நூறு பாஸ்போர்ட் பார்க்கும் கண்ணுக்கே பேனா வேண்டியிருந்தது.

இரண்டாம் விண்ணப்பம்

அன்று மாலையே தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன், எண்ணை மட்டும் திருத்தித் தர முடியுமா என்று. முடியாது, புதிதாக விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. இது அந்த நாட்டின் பிடிவாதம் மட்டும் இல்லை. எஸ்டாவிலும் அனுப்பிய பின் தங்கும் முகவரி, மின்னஞ்சல் போன்றவற்றை மாற்றலாம்; பாஸ்போர்ட் எண் தப்பென்றால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம். யோசித்தால் நியாயம்தான். இப்படிப்பட்ட அனுமதிகளில் பாஸ்போர்ட் எண்ணில்தான் எல்லாமே தொங்குகிறது. கனடாவின் மின்னணுப் பயண அனுமதி ஐந்து ஆண்டு செல்லும், ஆனால் பாஸ்போர்ட் அதற்கு முன் காலாவதியானால் அனுமதியும் அன்றோடு முடிந்தது. புதுப் பாஸ்போர்ட்டுக்குப் புது அனுமதி.

அவசரக் கட்டணம் கட்டினால் இரண்டு வேலை நாளில் தருவோம் என்றது தளம். கட்டினோம். நடுவில் ஒரு கேள்வி எங்களைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்தது: "உங்களுக்கு இதற்குமுன் எந்த நாட்டு விசாவாவது மறுக்கப்பட்டதா?" மாமா கவுன்டரில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். அது மறுப்பா? இல்லை. விசா மறுக்கப்படவில்லை, கொடுக்கத்தான் பட்டது, எழுத்து மாறிப்போன எண்ணுக்கு. விமானத்தில் ஏற்றாதது வேறு, விசா மறுப்பது வேறு. "இல்லை" என்று போட்டோம். கூடுதல் விவரம் எழுதும் கட்டத்தில் முதல் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, தட்டச்சுப் பிழையால் மறுபடி விண்ணப்பிக்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தேன். இதே கேள்வியில் பயந்துபோய் "ஆம்" என்று போட்டுவிட்டு அப்புறம் விளக்கம் கொடுத்துக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள். உண்மையிலேயே மறுப்பு வாங்கியிருந்தும் "இல்லை" என்று போடுவது அதைவிட மோசம். அது பொய்த் தகவல், பின்னால் எந்த நாட்டிலும் வந்து நிற்கும்.

பயணத் தேதி மாறியதால் அக்காவின் விசா செல்லுமா என்ற பயம் வேறு. அதன் தாளில் இரண்டு கணக்கு இருந்தன: எந்தத் தேதிக்குள் உள்ளே நுழைய வேண்டும் என்பது ஒன்று, நுழைந்த நாளிலிருந்து எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. முதலாவது தொண்ணூறு நாள், இரண்டாவது முப்பது. அக்கா இரண்டையும் ஒன்றாக்கி, தன் முப்பது நாள் வீட்டிலேயே தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி அழத் தயாராக இருந்தாள். தீரவில்லை.

எண்ணுக்கு வந்தோம். இந்த முறை நான் வாசிக்கச் சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில், விளக்கில்லாமல், கோப்பாக அனுப்பச் சொன்னேன்; படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கிவிடும். வந்த படத்தில் கீழ்வரியைப் பார்த்து அடித்தேன். பிறகு தாளும் பேனாவும் எடுத்து 7, 3, 1 போட்டேன். கடைசி இலக்கம் பொருந்தியது. அதற்கப்புறமும் மனசு கேட்கவில்லை. போன் செய்து அக்காவை வாசிக்கச் சொன்னேன்.

"தமிழ்ல வாசிக்கா."

"என்னது?"

"நம்பர் எல்லாம் தமிழ்ல. எழுத்து வந்தா மட்டும் இங்கிலீஷ்."

கொஞ்சம் தடுமாறினாள். எட்டு, ஒன்பது என்று மெதுவாக வந்தவள், ஆறாவது இடத்தில் ஒரு நொடி நின்று, "சைபர்" என்றாள். அந்தச் சொல்லை எந்த எழுத்தோடும் குழப்பிக்கொள்ள முடியாது. முதல் நாளே இப்படி வாசித்திருந்தால் இவ்வளவும் இல்லை. சமையலறையிலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "முட்டைன்னு சொல்லுடி, மாப்பிள்ளைக்கு அப்பத்தான் புரியும்."

விசா இரண்டாம் நாள் மாலை வந்தது. இந்தத் தடவை கட்டைவிரல் காட்டவில்லை. விசாத் தாளை ஒரு பக்கம், பாஸ்போர்ட் படத்தை ஒரு பக்கம் திரையில் வைத்து, எண், பெயர், பிறந்த தேதி, காலாவதித் தேதி நான்கையும் பென்சில் முனையால் எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்த்தேன். அதில் இன்னொன்று கண்ணில் பட்டது: காலாவதித் தேதியில் நாளும் மாதமும் 03/04 என்று இருந்தது, அது மார்ச்சா ஏப்ரலா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பாஸ்போர்ட்டில் மாதம் எழுத்தில் இருந்ததால் தெளிந்தது, ஏப்ரல், சரி. தேதிகளை எல்லாம் எண்ணிலேயே அச்சிட்ட அந்தத் தளத்தை மனசுக்குள் ஒரு முறை திட்டிவிட்டு மூடினேன்.

மூன்றாம் நாள் அதே கவுன்டர், வேறு ஊழியர். அக்காவின் பாஸ்போர்ட் ஒரே இழுப்பில் போனது. மாமா தன்னுடையதை நீட்டும்போதே உறையிலிருந்து விசாத் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாராம். ஊழியர் தாளைத் தொடவே இல்லை. ஒரு முறை இழுத்தார், போர்டிங் பாஸ் வந்தது. மாமா நகரவில்லை.

"தம்பி, ஆறாவது இடத்துல என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்."

ஊழியர் பார்த்தார். "ஜீரோ சார்."

"அப்ப சரி" என்றுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.